பதினேழு என்று சொன்னேன்

கயல்,

விமானம் பன்னிரண்டு மணிக்குத்தான் கிளம்பும். இப்போது ஒன்பதே கால். ஆனாலும் நீ என் போனில் ஏற்றித் தந்த, விமானங்கள் நகர்வதைக் காட்டும் அந்த வரைபடத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. கடல் மட்டும். இடையில் சாம்பாருக்கு உப்புப் போட்டேன். இரண்டு முறை போட்டிருக்கலாம். நாளை காலை உனக்குக் கல்யாணம். உனக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் உன் தாய்மாமன். அவன் வருகிறானா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியாது. நீ சேலையூர் தையல்காரரிடம் ரவிக்கை வாங்கப் போயிருக்கிறாய். பதினோரு மணிக்கு வந்துவிடுவாய். பிறகு இருவருமாகத் தாம்பரத்தில் ரயில் ஏறி, திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக விமான நிலையத்துக்கு. அதுதான் திட்டம். அதற்குள் இதை எழுதி உன் மேசையில் வைத்துவிட வேண்டும். நேரில் சொல்ல முயன்றேன். முடியவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. யார் படித்தாலும் படிக்கட்டும். இந்த வீட்டில் மூடி வைத்தது போதும்.

போன மாதம் கல்யாணப் பதிவுக்காக உன் பிறப்புச் சான்றைத் தேடினாய். பீரோவின் அடியில் இருந்த என் பள்ளி அட்லஸை எடுத்து உதறினாய். அதிலிருந்து ஒரு மஞ்சள் அட்டை விழுந்தது. பத்தாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை. பூமிசாத்திரத்தில் நான் முதலாவது. அதை நீ பார்க்கவில்லை, பிறந்த தேதியைப் பார்த்தாய். "அம்மா, இதுல உனக்கு மூணு வயசு கம்மியா இருக்கு. ஆதார வெச்சுப் பாத்தா நாப்பத்தஞ்சு, இத வெச்சுப் பாத்தா நாப்பத்திரண்டு. எது கரெக்ட்?" பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றேன். "எல்லாரும் ஸ்கூல்ல சேக்கறதுக்கு வயசக் கூட்டித்தான் போடுவாங்க. உனக்கு மட்டும் குறைச்சுப் போட்டாங்களா?" என்று சிரித்தாய். அப்புறம் உன் கார்த்திக் போன் வந்தது, மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. எது சரி? இந்தக் கடிதம் அதற்கான பதில்.

அப்புறம் அந்தத் துணிக்கடை. மேற்குத் தாம்பரம், இரண்டாவது மாடி. மாமாவுக்குப் பட்டு வேட்டியும் சட்டையும் எடுக்கப் போனோம். விற்பனைக்கு நின்ற பெண், "என்ன சைஸ்க்கா?" என்று கேட்டாள். நான் கையை உயர்த்தி என் நெற்றிக்கு நேரே வைத்துக் காட்டினேன். உடம்பு ஒல்லி என்றேன். அவள், "பையனுக்காக்கா? கிட்ஸ் செக்‌ஷன் மேல் ஃப்ளோர்" என்றாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அம்மா! மாமாவுக்கு நாப்பத்துச் சொச்சம் வயசு! தொப்பைய வீடியோ கால்ல பாத்தல்ல?" நானும் சிரித்தேன். பிறகு உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாற்ற என்னிடம் எந்த உடையும் இல்லை. நீ வெளியே நின்று தட்டினாய். அவனை நான் கடைசியாக நேரில் பார்த்தபோது அவன் என் நெற்றி உயரம் இருந்தான், கயல். பதினாலு வயது. அதற்குப் பிறகு நேரில் பார்க்கவே இல்லை.

உனக்குத் தெரிந்த கதை இது: நாங்கள் வன்னியில் இருந்தோம், சண்டை நடந்தது, படகில் வந்தோம், சில காலம் முகாம், பிறகு செம்பாக்கம். மாமா அங்கேயே தங்கிவிட்டார், வவுனியாவில் பேக்கரி வைத்திருக்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அந்தப் பக்கம் இது. எங்கள் ஊரில் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கல்யாணமான பெண்களைத் தொட மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த ஒரு பருவத்தில் என் வகுப்பில் ஐந்து பேருக்குக் கல்யாணம். ஒருத்தி தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கணக்குச் சோதனை எழுத வந்தாள். என் அப்பா, இரண்டு வீடு தள்ளி இருந்த டிராக்டர் ஓட்டும் பையனைக் கேட்டார். அவன் வீட்டிலிருந்து அண்ணன் ஏற்கெனவே போயிருந்தான். அதனால் அவனை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பையன்தான் உன் அப்பா. எனக்குப் பதினைந்து, அவருக்கு இருபத்தொன்று. கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், பின்பக்கம் கூரை இறக்கிய சாய்ப்பில் பாயைப் போட்டார். மூன்று ஆண்டுகள் அந்தச் சாய்ப்புதான் அவர் அறை. பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு அங்கே உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தந்தார். நல்ல மனிதரைத் தந்ததற்காக அந்தக் காலத்தை நான் மன்னிக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பதினைந்து வயதுக்குக் கல்யாணத்தைப் பதிய முடியாது. என் பிறப்புச் சான்று இடப்பெயர்வில் எரிந்துவிட்டது என்று அப்பா பதிவாளரிடம் சத்தியக் கடுதாசி கொடுத்தார். வயது பதினெட்டு என்று எழுதினார். பொய் சொன்ன பிறகு அதை உண்மையாக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். வீட்டுக்கு வந்து சான்றை அடுப்பில் போட்டார். என்னுடையதை மட்டும் அல்ல. எனக்கும் தம்பிக்கும் சரியாக ஒரு வயது வித்தியாசம். ஊருக்கே தெரியும். தம்பியின் சான்று இருந்தால் என் பதினெட்டு பொய் என்று அது சாட்சி சொல்லிவிடும். அதனால் இரண்டையும் எரித்தார். கவனமான மனிதர். என்னைக் காப்பாற்றிய அந்த வேலையில், அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதம் சாம்பலானது. அது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. தேர்ச்சி அறிக்கை மட்டும் தப்பியது. அதை நான் அட்லஸுக்குள் ஒளித்தேன். பூமிசாத்திரத்தில் முதலாவது வந்ததை எரிக்க மனம் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். பின்னலை மடித்துக் கட்டிய இரண்டு பெண்கள், பெயர் எழுதும் கொப்பியோடு ஓர் ஆண். அப்பா சந்தையில். அம்மா கோயிலில். உன் அப்பா வயலில். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கெட்டவர்களாகத் தெரியவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். என் உண்மையான வயது. பதினேழுக்குக் கீழே எடுக்க மாட்டோம் என்று அந்த மாதம் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என் விஷயத்தில் அதை நான் எப்படி நம்புவது? கொப்பிக்காரர் கேட்டார்:

"உமக்கு எத்தனை வயசு?"

"பதினெட்டு."

"கலியாணம் முடிஞ்சுதோ?"

"ஓம்." தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன்.

"தம்பி இருக்கிறாரெல்லோ. அவருக்கு?"

பதினாலு என்று சொன்னால் எனக்குப் பதினைந்து. எனக்குப் பதினைந்து என்றால் கல்யாணம் பொய். கல்யாணம் பொய் என்றால் அவர்களோடு போக வேண்டியவள் நான். அவ்வளவையும் ஒரே மூச்சில் யோசித்தேன். நான் கணக்கில் கெட்டி இல்லை, ஆனால் அன்றைக்குக் கழித்தல் சரியாக வந்தது. பதினெட்டிலிருந்து ஒன்று.

"பதினேழு" என்றேன்.

டியூசன் முடிந்து தம்பி நிமலன் சைக்கிளில் வந்தான். கொப்பிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பதினேழு வயசுப் பொடியன் எண்டா இப்பிடியெல்லோ இருக்க வேணும். நல்ல உயரம்" என்றார். நிமலன் சிரித்தான். நிமிர்ந்து நின்றான். நான் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூசன் கொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, சைக்கிளுக்குக் காத்து இல்லை, அப்பாட்டச் சொல்லு" என்றான். அவர்களோடு போனான். மாலையில் அப்பா இயக்கத்தின் முகாமுக்கு ஓடினார். பிள்ளைக்குப் பதினாலு வயதுதான் என்று கத்தினாராம். காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர்களுக்கு வயது சொன்னது யார் என்று என்னிடம் அவர் கேட்கவில்லை. பட்டியலில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நான் அப்படியே நினைக்க விட்டேன். அவர் இறக்கும் வரை.

அவன் இயக்கத்தை விட்டு வெளியே வந்தபோது உண்மையிலேயே பதினெட்டு முடிந்திருந்தது. அதற்குள் நாங்கள் படகேறிவிட்டோம். பத்து ஆண்டுகள் அவன் இருக்கிறானா என்றே தெரியாது. பிறகு போன் எண் கிடைத்தது, பிறகு வீடியோ கால், பிறகு நீ. "மாமா ஏன்மா கேமராவப் பாக்கவே மாட்டேங்குறாரு? எப்பப் பாரு ஒரு காதுதான் தெரியுது" என்று கேட்பாய். கூச்ச சுபாவம் என்றேன். இல்லை. அவனுக்கு இடது காது கேட்காது. வலது காதைப் போனுக்குக் கொடுக்கிறான். அது எங்கே எப்படிப் போனது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்வான். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. இயக்கம் அவனைப் பதினேழு என்று எழுதியது. வெளியே வந்த பிறகு எடுத்த அடையாள அட்டையும் அதையே பார்த்து எழுதியது. பாஸ்போர்ட்டும் அப்படியே. நான் சொன்ன ஒரு சொல்லை அவன் இன்றுவரை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடக்கிறான்.

உன் மாமியார்தான் இதைக் கிளறினார். பாவம், அவருக்குத் தெரியாது. நிச்சயத்தன்று சிட்லபாக்கத்திலிருந்து அத்தனை பேரும் வந்து உட்கார்ந்திருக்க, "சம்பந்தி, தாய்மாமா இருக்காருல்ல? எங்க பக்கம் அவர் மாலை போட்டு அழைச்சுட்டு வந்தாதான் பொண்ணு மணவறைல உக்காரும்" என்றார். எங்கள் பக்கமும் அப்படித்தான் என்றேன். நீ அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டாய். அவன் துள்ளிவிட்டான். பாஸ்போர்ட், விசா, டிக்கெட். ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பினான். மாவு ஒட்டிய கையோடு. உண்மை தெரியாமல் அவன் வந்து, நான் பெற்ற பெண்ணுக்கு மாலை போடுவதா? அது ஏமாற்று. ஒரு தடவை ஏமாற்றியது போதாதா? நான்கு நாட்களுக்கு முன் நீ அலுவலகத்தில் இருந்தபோது கூப்பிட்டேன். "நிமலன், அண்டைக்கு உன்ர வயசைச் சொன்னது நான்தான்" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. அவன், "என்ன அக்கா? கேக்கேல்ல" என்று போனை மறு கைக்கு மாற்றினான். மறுபடி சொன்னேன். சத்தமாக. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் நின்றுபோன மாதிரி இருந்தது. திரையில் அவன் முகம் போய்ப் பேக்கரியின் கூரை தெரிந்தது. பிறகு அதுவும் போனது.

அன்றிலிருந்து பேச்சில்லை. நான் அனுப்பும் செய்திக்கு நீலக் குறி விழுகிறது. பதில் இல்லை. நேற்று மண்டபத்தில் கார்த்திக்கின் நண்பன், வெடி வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "இன்னா ஆன்ட்டி, கல்யாணத்துல ஒரு வெடி கூட இல்லன்னா பேஜாரா இருக்காது?" என்று சண்டை பிடித்தான். நீயும் முகத்தைத் தூக்கினாய். மாமாவுக்காக என்றேன். உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன்: எந்த மாமா? அவன் வரவில்லை என்றால் நாளைக் காலை எல்லோர் முன்னாலும்

ஒரு நிமிடம். போன்.

கயல். கயல். அவன் குரல். இரண்டு நிமிடக் குரல் செய்தி. இரண்டு தடவை கேட்டுவிட்டேன். நின்றுகொண்டு எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. ஒரு சொல் விடாமல் எழுதி வைக்கிறேன், நீ படி.

"அக்கா, எயார்போட்டில நிக்கிறன். வரிசையில நிண்டுதான் கதைக்கிறன், பின்னால ஒரு ஐயா முறைக்கிறார். கவுண்டரில இருந்த பிள்ளை பாஸ்போட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, 'வயசுக்கு நல்ல இளமையா இருக்கிறியள் அண்ணா' எண்டா. 'ஓம் பிள்ளை, சரியா மூண்டு வருசம் இளமை' எண்டன். அவவுக்கு விளங்கேல்ல." இங்கே சிரிக்கிறான். பிறகு கொஞ்ச நேரம் யாரோ ஆங்கிலத்தில் அறிவிக்கும் சத்தம். "நாலு நாள் நான் கதைக்கேல்ல. கோவம்தான் அக்கா. இப்பவும் கிடக்கு. கோவத்தையும் கொண்டுதான் வாறன், அதுக்குத் தனி டிக்கெட் கேக்கேல்ல. ஆனா ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு முகாமில அப்பா வந்து கத்திப்போட்டுப் போன பிறகு ஒருத்தர் என்னைத் தனியக் கூப்பிட்டவர். 'தம்பி, உண்மையைச் சொல்லு, உனக்கு எத்தனை வயசு?' எண்டு கேட்டவர். பதினாலு எண்டு சொல்லியிருந்தா அந்த மனுசன் விட்டிருப்பார். நான் பதினேழு எண்டன். நீ சொன்னதெண்டு எனக்கு அப்ப தெரியாது. வீட்டு முத்தத்தில அந்த ஆள் சொன்னது காதுக்குள்ள நிண்டது, நல்ல உயரம் எண்டு. என்ர வாயாலதான் சொன்னனான். இவ்வளவு காலமும் நானாப் போய் விழுந்தனான் எண்டுதான் நினைச்சிருந்தன். ஆருக்கும் சொல்லேல்ல. அப்பாக்கும் சொல்லேல்ல. சரி, ஐயா தள்ளுறார், வைக்கிறன். பிள்ளைக்கு மாலையை வேற ஆரும் போடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

வருகிறான்! பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்க, ஏதாச்சும் விசேஷமா?" என்கிறார். நாளைக்கு மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியைப் பார். தம்பி வருகிறான் என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவனிடம் என்ன சொல்வது என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. நீ பதினாலு வயதுப் பையன், உன்னிடம் கேட்டு வாங்கியது பதிலே இல்லை, அதற்கு நீ பொறுப்பில்லை. விமான நிலையத்திலேயே, வலது காதில், இதைச் சொல்வேன். அவன் திருப்பி என்ன கேட்பான் என்றும் தெரிகிறது. "அப்ப உனக்கு எத்தனை வயசு அக்கா?" அதற்கு இன்னும் பதில் தயாராகவில்லை. ரயிலில் யோசிக்கிறேன். நீயும் யோசி.

காட்டாங்குளத்தூரில், நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குத் தினமும் எட்டுச் செய்தித்தாள் வரும். எங்கோ ஒரு நாட்டில், தோளை விடப் பெரிய துப்பாக்கியோடு நிற்கும் பையன்களின் படம் இன்றும் வருகிறது. எந்த நாடு, எந்தக் கொடி என்று பார்ப்பதற்கு முன்னால் நான் முகத்தைத்தான் பார்க்கிறேன். பாதிப் படங்களில் அந்தப் பிள்ளை சிரிக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. நிமலனின் சிரிப்பு அது. யாரோ அவனிடம் நீ பெரியவன் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரோ வீட்டில் ஒரு வயதைச் சொல்லியிருக்கிறார்கள். உனக்குப் பிள்ளை பிறந்தால், கயல், அதைச் சீக்கிரம் பெரியவன் ஆக்காதே. பெரிய மனுஷி மாதிரி பேசுகிறாள் என்று பெருமைப்படாதே. நான் உன்னிடம் அதைச் சொன்னதே இல்லை, கவனித்திருக்கிறாயா? பன்னிரண்டு வயதில் நீ தனியாகத் தாம்பரம் போய்ப் பால் வாங்கி வந்து என் முகத்தையே பார்த்தபோது கூடச் சொல்லவில்லை. பாராட்டத் தெரியாத அம்மா என்று கோபித்துக்கொண்டாய். அதுவும் என் தவறுதான். பயத்தில் செய்த தவறு.

மாமா வந்ததும் அவர் வலது பக்கம் நில். வெடி பற்றி அவனையே கேட்டிருந்தேன், இந்தப் பேச்சு நிற்பதற்கு முன்பு, போன மாதம். "வெடி பரவாயில்லை அக்கா, விசில்தான் தாங்க ஏலாது. முகாமில விடியக் காலமை விசில் ஊதித்தான் எழுப்புவினம்" என்றான். நான் நம்பாமல் வெடியையும் தடுத்தேன். கார்த்திக்கிடம் சொல்லு, இன்று மாலை வரவேற்பில் வெடி வெடிக்கட்டும். ஆனால் அவன் நண்பர்கள் விசில் அடிக்கக் கூடாது. சென்னைப் பையன்களுக்கு அது கஷ்டம்தான். முயற்சி செய்யட்டும். வரும் வாரம் மாமாவின் பிறந்தநாள், நிஜமானது. கேக்கில் நாற்பத்தொன்று என்று எழுதச் சொல். அவனே பேக்கரிக்காரன், குறை கண்டுபிடிப்பான். கண்டுபிடிக்கட்டும்.

உன் கேள்விக்குப் பதில்: மஞ்சள் அட்டையில் இருப்பதுதான் சரி. அதைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவனுக்குக் காட்ட வேண்டும். எங்கள் இருவருக்குமாக மிஞ்சிய ஒரே சாட்சி.

வாசலில் உன் வண்டிச் சத்தம் கேட்கிறது. ரவிக்கையை உள்ளே வைத்துவிட்டு இதைப் படி. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன். வேட்டி சட்டைப் பையையும் எடுத்துக்கொண்டேன். அளவு சரியாக இருக்குமா என்று தெரியவில்லை. நீ சொன்ன அளவுதான். அவன் எவ்வளவு உயரம் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒன்றரை மணிக்குத் தெரியும்.

அம்மா